பங்காளிக் கிடா

போன மாசியில் ஊருக்குப் போனபோது சித்தப்பா எட்டயபுரம் கிளம்பிக்கொண்டிருந்தார். எதுக்கு என்று கேட்டேன், பொலிகிடா வாங்க என்றார், அதாவது மந்தையில் இனவிருத்திக்கு விடுகிற கிடா. எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஒரு மணி நேரத்தில் திருமங்கலம், வெள்ளிக்கிழமை ஆனால் அங்கே ஆட்டுச்சந்தை, கிடாவுக்கா பஞ்சம்? அதை விட்டுவிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் குட்டியானை வண்டி பிடித்து, டீசல் காசு கொடுத்து, எழுபது வயதில் ராத்திரி கண்விழித்துப் போய் ஒரு கிடா வாங்குவானேன் என்று சண்டை போட்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "இங்கன விக்கிறதெல்லாம் நம்ம கிடாவோட பங்காளிதான் தாயி. சுத்திச் சுத்தி ஒரே ரத்தம். ரெண்டு ஈத்துல குட்டி சோடை போயிரும்."

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் 19 வருஷமாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான் மூன்று வாரம் எடுக்கிற பாடத்தை இந்த மனிதர் வாசல்படியில் நின்று மூன்று வரியில் முடித்துவிட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் மந்தையில் 40 தாயாடு, ஒரு பொலிகிடா. மொத்தம் 41 தலை. ஆனால் மரபியல் கணக்கு தலையை எண்ணாது. பிறக்கிற குட்டி ஒவ்வொன்றுக்கும் பாதிச் சொத்து அந்த ஒரே கிடாவிடமிருந்து வருகிறது, மீதிப் பாதிதான் 40 தாய்களிடமிருந்து பிரிந்து வருகிறது. இதற்கு ஸீவால் ரைட் என்ற அமெரிக்கர் ஒரு சூத்திரம் போட்டு வைத்திருக்கிறார். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். 40ஐ ஒன்றால் பெருக்கி நாலால் பெருக்கினால் 160, அதை 41ஆல் வகுத்தால் நாலுக்கும் கொஞ்சம் கீழே. அதாவது கண்ணுக்கு 41 ஆடு தெரிந்தாலும், பரம்பரைச் சரக்கு கரைகிற வேகத்தைப் பார்த்தால் அது நாலே நாலு ஆடு உள்ள மந்தை. இன்னொரு கிடா சேர்த்தால் ஏழரைக்கு ஏறும். பத்து தாயாடு சேர்த்தாலும் நாலைத் தாண்டாது. சித்தப்பாவுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றிவிடுவார், அந்தக் கிடாவுக்குப் பிறந்த மறிகள் பருவத்துக்கு வருவதற்குள் அப்பன் மந்தையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பது அவருடைய சட்டம். அவர் அப்பாவும் அப்படித்தான் செய்தாராம்.

ரைட்டின் அப்பாவும் அம்மாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை உறவுக்காரர்கள் என்பது ஒரு சுவாரசியமான உபரித் தகவல். சொந்தத்தில் பிறந்த மனிதர்தான் 1922இல் சொந்தத்தின் நெருக்கத்தை அளக்கிற அளவுகோலைச் செய்தார்.

கிடா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. மந்தையில் எந்தக் கிடாக்குட்டி சீக்கிரம் கனம் போடுகிறதோ அதுதான் முதலில் விலை போகும். பக்ரீத்துக்கு ஒரு கும்பல் வந்து பார்க்கும், ஆடியில் சாமிக்கு நேர்ந்துவிட்டவர்கள் வந்து பார்ப்பார்கள், எல்லாருடைய கையும் நல்ல கிடாவின் முதுகில்தான் போய் விழும். விட்டால் மந்தையில் பொலிக்கு மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத நோஞ்சான்தான். நல்லதை எல்லாம் பிரியாணிக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை அப்பனாக்கினால் அடுத்த தலைமுறை எப்படி இருக்கும்? அதனால் சித்தப்பா ஒன்றை மட்டும் எவ்வளவு விலை கேட்டாலும் கொடுக்காமல் வைத்திருந்து, எட்டயபுரத்தில் வேறொருவரிடம் மாற்றிக்கொள்வார். இதுவும் தேர்வுதான், தேர்ந்தெடுப்பது மனிதன், அவ்வளவே வித்தியாசம்.

மனிதன் கை வைக்காத தேர்வையும் அதே மந்தையில் பார்த்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி அடைமழை முடிந்த கையோடு நீலநாக்கு வந்தது. கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி கடித்துப் பரப்புகிற வைரஸ் நோய், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு எங்கள் தென்மாவட்டச் செம்மறிகளுக்கு அடிக்கடி வருவது. வாய் வீங்கும், நாக்கு கருநீலமாகும், மேய முடியாது, குளம்பு நோவெடுத்து நொண்டும். ஒரே பட்டி, ஒரே மேய்ச்சல், கடித்ததும் அதே பூச்சிதான். 11 ஆடு செத்தது. ஏழெட்டு ஆடு எச்சில் வடிய நின்று, சித்தப்பா ஊட்டிய கஞ்சியில் பிழைத்தது. மற்றதெல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி கருவேலங்காயைத் தேடிப் போனது.

ஏன் என்றால், உடம்புக்குள் வருகிற கிருமியை அடையாளம் காட்டுகிற மரபணுக்கள் ஆட்டுக்கு ஆடு வேறு. மனிதர்களுக்கும் அப்படித்தான், நம் உடம்பிலேயே ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறுபடுகிற மரபணுக்கள் இந்தக் கிருமி பிடிக்கிற கூட்டம்தான். ஒருத்தியின் உடம்பு கோட்டைவிடுகிற கிருமியை அடுத்தவள் உடம்பு பிடித்துவிடும். எல்லா ஆடும் ஒரே அச்சாக இருந்திருந்தால் அந்தக் கார்த்திகையில் ஒன்று எல்லாம் பிழைத்திருக்கும், இல்லையென்றால் பட்டியே காலியாகியிருக்கும். (சரி, வயது, முன்பே ஒருமுறை நோய் வந்து போயிருப்பது, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு, இதற்கெல்லாமும் அதில் பங்கு உண்டு. ஒரு மந்தையை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது, தெரியும்.)

வருஷா வருஷம் பரீட்சைத் தாளில் என் பிள்ளைகள் எழுதுவது இதுதான்: "விலங்குகள் சூழலுக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டன." சிவப்பு மையில் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. எந்த ஆடும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. நோய் வருவதற்கு முன்னாலேயே ஆடுகள் வேறு வேறாக இருந்தன, நோய் வந்து கூட்டத்தின் கணக்கை மாற்றிவிட்டுப் போனது. பிழைத்தவற்றின் குட்டிகள் அடுத்த வருஷம் மந்தையில் அதிகம். தமிழில் இயற்கைத் தேர்வு என்று பெயர் வைத்ததுகூட ஒரு வகையில் வம்புதான், யாரோ தராசு வைத்துக்கொண்டு உட்கார்ந்து நல்லது கெட்டது பார்க்கிற மாதிரி தொனிக்கிறது. இருக்கிற சரக்கிலிருந்து கழிக்கத்தான் அதற்குத் தெரியும். புதுச் சரக்கை அது கொண்டுவருவதில்லை. அது டி.என்.ஏ. நகலெடுக்கும்போது விழுகிற பிழைகளிலிருந்து வரவேண்டும், அல்லது எட்டயபுரத்திலிருந்து வண்டி ஏறி வரவேண்டும்.

எங்கள் மல்லிகையை யோசித்தால் எனக்குப் பயம் வருவது இதனால்தான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாருக்கும் பெருமை. ஆனால் அது விதை போட்டு வளர்க்கிற செடி இல்லை. தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வருகிற பதியன், வெட்டி வைத்த குச்சி. தாய்ச்செடி எதுவோ அதன் அச்சு அசல்தான் வயல் முழுக்க. மொட்டுப்புழுவோ வேரழுகலோ வந்தால் வரிசையில் நிற்கிற ஒவ்வொரு செடிக்கும் பலவீனம் ஒரே இடத்தில்தான். சிறுமலை வாழையும் கன்று வைத்து வளர்ப்பதுதான். 1970களில் முடிக்கொத்து நோய் வந்து மலை வாழைத் தோப்புகளைச் சூறையாடியதைத் திண்டுக்கல் பக்கம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

ஆட்டையும் பூவையும் விட்டுவிட்டு மனிதர்களுக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்டதும் இதைத்தான்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடா மாற்றுகிற என் சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டது அவருடைய சொந்த அக்கா மகளை. அந்த அக்கா எனக்கு அத்தை. அந்த அத்தையின் கடைசி மகனைத்தான் நான் 1999இல் கட்டிக்கொண்டேன். ஆக என் சித்தி எனக்கு நாத்தனாரும் ஆவாள். சித்தியின் பிள்ளைகள் எனக்குத் தம்பிகள், என் வீட்டுக்காரருக்கு மருமகன்கள். எங்கள் குடும்பத்துக்கு வம்சவரைபடம் போட்டால் மரம் மாதிரி கிளை பிரியாது, மீன்வலை மாதிரி வரும். ஒரு வருஷம் வகுப்பில் பயிற்சிக்காக ஒவ்வொருவரும் தங்கள் குடும்ப வரைபடம் போட்டு வரச் சொன்னேன். பாதிப் பேரின் தாளில் கோடுகள் திரும்பி வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் சொந்தத்தில், இந்தியா முழுக்கப் பார்த்தால் 11. நாட்டிலேயே முதலிடம் நமக்கு.

ரைட்டின் அளவுகோலில் மாமன் மகள், அத்தை மகன் வழியில் பிறக்கிற பிள்ளைக்கு எண் பதினாறில் ஒன்று. அக்கா மகள் வழியில் எட்டில் ஒன்று. இதன் அர்த்தம் என்ன? நம் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. கிணற்றில் இரண்டு மோட்டார் இறக்கியிருக்கிற மாதிரி. ஒன்று கருகினாலும் மற்றது தண்ணீர் இறைக்கும், வயலுக்கு விஷயமே தெரியாது. நம் எல்லாரிடமும் இப்படிக் கருகிய மோட்டார் சிலது இருக்கிறது, துணை மோட்டார் ஓடுவதால் தெரியாமல் வாழ்ந்துவிட்டுப் போகிறோம். அம்மாவும் அப்பாவும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்றால், அந்தத் தாத்தாவிடமிருந்த அதே கருகிய மோட்டார் இரண்டு பக்கமும் வந்து சேர வழி இருக்கிறது. ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் இப்படி ஒரே முன்னோரின் ஒரே பிரதியாக வந்து அமைகிற வாய்ப்புத்தான் பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று எல்லாம். நடைமுறையில் இது எவ்வளவு என்றால், சாதாரணமாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் கோளாறு வரும், மாமன் மகள் கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பயமுறுத்துகிற எண் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன, என் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் 2000இல் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ராத்திரியில் இந்தப் பதினாறில் ஒன்றைப் படுத்துக்கொண்டே எத்தனை தடவை வகுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

எனக்கு ஒரு துணை உண்டு. சார்லஸ் டார்வின். அவர் 1839இல் கட்டிக்கொண்ட எம்மா, அவருடைய அம்மாவின் கூடப்பிறந்த தம்பி மகள். நம் கணக்கில் சுத்தமான முறைப்பெண், மாமன் மகள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் டார்வினின் அக்கா கரோலினை எம்மாவின் அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள்! இதை வகுப்பில் சொன்னால் மதுரைப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். டார்வினுக்கும் எம்மாவுக்கும் பத்துப் பிள்ளைகள், மூன்று பேர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். செல்ல மகள் ஆனி பத்து வயதில் 1851இல் இறந்தாள். பிள்ளைகளின் நோய்நொடிக்குத் தன் கல்யாணம்தான் காரணமோ என்ற கவலை டார்வினை விடவேயில்லை. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொந்தத்தில் கல்யாணம் செய்தீர்களா என்று ஒரு கேள்வி சேர்க்க முயற்சி எடுத்தார், நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் செடிகளைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்க வைத்தும், பிற செடி மகரந்தத்தால் காய்க்க வைத்தும் வருஷக்கணக்கில் ஒப்பிட்டு 1876இல் ஒரு முழுப் புத்தகம் போட்டார், அயல் மகரந்தச் செடிகளே வாட்டசாட்டமாக இருந்தன. அவர் செடியைத்தான் பார்த்தாரா, பிள்ளைகளைப் பார்த்தாரா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

நம் முறையில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று. சித்தப்பா மகனைக் கட்டிக்கொள் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் செருப்பு பறக்கும். அவன் பங்காளி, கூடப்பிறந்தவன் மாதிரி. அத்தை மகன் என்றால் பிறந்ததிலிருந்தே கட்டிக்கொள்ள உரிமை. ஆனால் மரபணுவுக்குக் குலதெய்வம் தெரியாது. சாதாரணமாக ஒருத்திக்குச் சித்தப்பா மகனோடு எவ்வளவு பங்கு பொதுவோ, அத்தை மகனோடும் அதே எட்டில் ஒரு பங்குதான் பொது. ஆட்டில் மட்டும் சித்தப்பா எல்லா வழியையும் பங்காளி என்று சரியாகவே சொல்லிவிடுகிறார்.

சித்தப்பாவுக்கு இரண்டு மகன்கள். இரண்டாவது தம்பிக்கு ஏழெட்டு வயதில் சாயங்காலமானால் தட்டுத்தடுமாற ஆரம்பித்தது. முதலில் வைட்டமின் குறை என்றார்கள், பொன்னாங்கண்ணி, ஈரல், மீன் எண்ணெய் எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் மதுரைக்குக் கூட்டிவந்தோம், நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடிப்பதற்கு முன்னாலேயே கேட்டது, "சொந்தத்துல கல்யாணமா?" சித்தி தரையைப் பார்த்தாள். சித்தப்பா "அக்கா மக" என்றார். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிற நோய், பல மரபணுக்களில் எது பழுதானாலும் வரக்கூடியது, இரண்டு பிரதியும் பழுதானால் வருகிற வகை அதில் நிறைய. இப்போது அவனுக்கு 34 வயது. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிகிறது. ஆடுகளை மணிச் சத்தத்தை வைத்தே யார் யார் என்று சொல்லிவிடுவான்.

ஒருநாள் சித்தப்பாவிடம் கேட்டே விட்டேன், ஆட்டுக்கு இவ்வளவு பார்க்கிறீர்களே, நமக்கு ஏன் பார்க்கவில்லை என்று. தம்பியைச் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவருக்குப் புரியாமல் இருக்குமா. கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டுக்குச் சொத்துக் கெடையாதே தாயி" என்றார். மூன்று குழிக் கிணற்றுப் பாசனமும் ஒரு காரை வீடும் அக்கா கைவிட்டுப் போகக்கூடாது என்றுதான் 1979இல் அந்தக் கல்யாணம். அந்தக் கிணறு வற்றி இருபது வருஷம் ஆகிறது.

அத்தையின் வாதம் வேறு. அவளுக்கு 79 வயது. "நானூறு வருசமா மாமன் மச்சான்தான் கட்டிக்கிறோம், என்ன குடி முழுகிப்போச்சு?" என்பாள். சிரித்துவிட்டுப் போகிற வாதம் இல்லை இது. சங்வி என்ற இந்திய மரபியலாளர் 1960களிலேயே இதையே ஒரு கருத்தாக முன்வைத்தார்: தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிக்கொண்டால் கெட்ட மரபணு அடிக்கடி இரட்டையாகச் சேர்ந்து வெளிப்படும், வெளிப்பட்டால் இயற்கை கழித்துவிடும், நாளடைவில் சரக்கு சுத்தமாகிவிடும் என்று. கொள்கையளவில் நடக்கக்கூடியதுதான், ஆனால் அப்படித் தெளிவாகச் சுத்தமாகிவிட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதோடு கழிப்பது என்றால் என்ன என்று அத்தைக்கே தெரியும். அவளுக்குப் பிறந்தது எட்டு, தங்கியது ஐந்து. அந்த மூன்றையும் யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை, அத்தை மட்டும் ஆடி அமாவாசைக்குச் சோறு வைக்கும்போது ஒரு இலை கூடப் போடுவாள்.

இயற்கை எல்லாவற்றையும் கழித்துவிடும் என்பதும் உண்மையில்லை. இதற்கு மதுரையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. இதயத் தசையைக் கட்டிப்பிடித்து வைக்கிற ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்து காணாமல் போன ஒரு வடிவம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெருந்துறை தண்டபாணி முதல் ஆசிரியராக, ஐதராபாத் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜ் உள்ளிட்ட பெரிய குழுவோடு சேர்ந்து 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள். தெற்காசியர்களில் நூற்றுக்கு சுமார் நாலு பேரிடம் இது இருக்கிறது. இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை, ஆனால் இதயத் தசை பலவீனமாகிற ஆபத்து கூடுகிறது, அதுவும் பெரும்பாலும் நடுவயது தாண்டி. சுமார் 33,000 வருஷத்துக்கு முன்னால் தோன்றியது என்று கணித்திருக்கிறார்கள். இவ்வளவு காலம் கழிபடாமல் எப்படி நின்றது? இயற்கைத் தேர்வு பார்ப்பது பிள்ளை பெற்றாயா, வளர்த்தாயா என்பதை மட்டும். 25 வயதில் பிள்ளை பெற்று 50இல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் அதன் கண்ணில் தேறியவன்தான். எங்கள் பெரியப்பா 51 வயதில் வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, ஆனால் அந்தக் கட்டுரையை முதலில் படித்த அன்று வேறு யாரை நினைப்பேன்.

கெட்ட மரபணு என்று சொல்வதிலும் ஒரு தடுக்கல் உண்டு, எந்த ஊரில் என்று கேட்க வேண்டும். அரிவாள் அணு சோகை இந்தியாவில் முதலில் பதிவானது 1952இல், நீலகிரி மலைவாழ் மக்களிடம். இரட்டையாக வந்தால் ஆளை உருக்குகிற நோய், ஒற்றையாக இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து காப்பாற்றும். கொசு இருக்கிற காட்டில் வரம், கொசு இல்லாத ஊரில் பாரம்.

சரி, அப்போது மாமன் மகளை விட்டுவிட்டு வெளியே பார்த்தால் தீர்ந்ததா? இங்கேதான் சித்தப்பா சொன்ன பங்காளிக் கிடா எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிச்சப்பன் வருஷக்கணக்காகச் சேகரித்த ரத்த மாதிரிகளில், அங்கே ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதிக் கூட்டத்தின் தடம் என்றார்கள். பத்திரிகைகள் உடனே முதல் இந்தியர் என்று பட்டம் கட்டின. அது கொஞ்சம் அதிகம், ஒய் என்பது அப்பாவின் அப்பாவின் அப்பா என்று போகிற ஒரே ஒரு நூல், பத்துத் தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1,024 முன்னோர் இடம் இருக்கிறது, அதில் ஒருவரைத்தான் அது காட்டும். இருந்தாலும் எங்கள் கரிசலுக்குள் இவ்வளவு பழைய தடம் கிடக்கிறது என்பதில் எனக்கும் பெருமைதான்.

பெருமைக்குப் பின்னால் வருகிற சேதிதான் கசப்பு. 2013இல் வந்த ஓர் ஆய்வின்படி சுமார் 4,200 வருஷத்திலிருந்து 1,900 வருஷம் முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் எல்லாரும் எல்லாரோடும் கலந்திருக்கிறார்கள். அப்புறம் கதவு சாத்திக்கொண்டது, அவரவர் சாதிக்குள். 2017இல் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழு 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்ததில், 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிடமிருந்தே பெருகியவை, இதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களையும்விட நெருக்கம் அதிகம். லட்சக்கணக்கில் ஆள் இருக்கலாம், மரபியல் கணக்கு அதற்கு ரொம்பக் கீழே நிற்கும். 41 ஆடு, நாலு ஆடு கதைதான். சித்தப்பா பக்கத்து ஊர்க் கிடாவை வேண்டாம் என்றாரே, அந்தக் கணக்கில் எங்கள் பத்துப் பதினைந்து ஊருக்குள் "சொந்தமில்லாத" மாப்பிள்ளை என்பவன் எவ்வளவு தூரத்துக்காரன்?

சித்தப்பாவின் மூத்த மகன் வழிப் பேத்திக்கு 21 வயது. என் மகனுக்கு 24, அவனுக்கு அவள் முறைப்பெண். அத்தைக்கு ஒரே ஆசை, கண்ணை மூடுவதற்குள் அந்த இரண்டையும் சேர்த்துவைத்துவிட வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு எல்லாரும் மதுரையில் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது பேச்சை எடுத்தாள். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. அத்தை மகனையே கட்டிக்கொண்டு 26 வருஷம் நன்றாக வாழ்ந்துவிட்டு, அத்தையிடம் எந்த வாயால் பதினாறில் ஒன்று என்று சொல்வது? என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சித்தப்பாதான் பேசினார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவன் தட்டில் குழம்பு எந்தப் பக்கம், கூட்டு எந்தப் பக்கம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "வேணாம்க்கா. இந்தத் தடவ அசல்ல பாப்போம்" என்றார். அத்தை அவரையும் பார்த்தாள், தம்பியையும் பார்த்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பேத்திக்கு ஆவணியில் நிச்சயம். மாப்பிள்ளை பேரையூர்ப் பக்கம், திருப்பூரில் வேலை, நல்ல பையன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையில் முதல் அசல் சம்பந்தம். தட்டு மாற்றி, பூ வைத்து, பந்தியில் உட்கார்ந்த பிறகு மாப்பிள்ளையின் அப்பத்தாவும் எங்கள் அத்தையும் வெற்றிலை போட்டுக்கொண்டே ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பின்னோக்கிப் போனார்கள். நீங்க எந்த வகையறா, கருமாத்தூர்ல யாரு, அந்தப் பெரிய வீட்டு ஒச்சம்மா யாரு, அட அவ எங்க பாட்டிக்குக் கூடப்பிறந்தவல்ல! பந்தல் முழுக்க ஒரே குதூகலம். நமக்குள்ளதானா, நமக்குள்ளதானா என்று ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை முகத்தில் சித்திரைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

பந்தலுக்கு வெளியே கை கழுவுகிற இடத்தில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏத்தா, இதுக்கும் எட்டயபுரம் வரைக்கும் போயிருக்கணுமோ?"